ஆறிய தாளம் அம்மனுக்கு ஆகாது

ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கும் ஸ்டூடியோவில் சனிக்கிழமைதோறும் நான் பீட் போடுகிறேன். பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளத்தையும் அதைச் சுற்றி வருகிற சத்தங்களையும்தான் பீட் என்கிறோம். வாசலில் மஞ்சள் எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: "உங்கள் கண் முன்னே! அப்போதே! அங்கேயே!" அந்தப் பலகையில் மஞ்சள் நிறம் மட்டும்தான் உண்மை. மற்றதெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே, என் வீட்டுக் கூடத்தில், என் மனைவி துணி மடிக்கிற சோபாவுக்கு எதிரில் நடந்து முடிந்திருக்கும்.

எனக்கு ஒரு கோளாறு. யாராவது பின்னால் உட்கார்ந்து பார்த்தால் கை விறைத்துவிடும். முதல் சனிக்கிழமை தைப்பிங்கிலிருந்து ராப் பாடுகிறவர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தார். நாற்பது நிமிடம் என் பிடரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் நான் போட்டது ஒரே ஒரு 'டும்'. அதையும் இரண்டு முறை அழித்தேன். கடைசியில் அவர் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, கம்பியூட்டர் ஹேங் ஆயிருச்சா?"

"ஆமா தம்பி, காலைல இருந்தே இப்படித்தான்" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஸ்டூடியோவின் முதலாளி என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவன் அன்று என்னைப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினான். "மச்சான், ஈப்போல எல்லாவனும் வீட்டுல செஞ்சு வாட்சப்ல அனுப்புறான். அப்புறம் எதுக்கு லா நம்ம மாடிப்படி ஏறி வரணும்? கண்ணு முன்னாடி செய்றோம்னுதான் வர்றாங்க. உனக்கு முடியலன்னா சொல்லிரு, அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாக்குறேன்."

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். மற்ற நாட்களில் நான் ஒரு கிளினிக்கில் சன்னல் ஓட்டைக்குப் பின்னால் நின்று, "மூணு வேளை, சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்று சொல்கிறவன். வாரத்தில் ஒரு நாள்தான் நான் ஏதோ ஒரு ஆளாக இருக்கிறேன். அதை இழக்க எனக்கு மனமில்லை. அன்று முதல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினேன்.

கிளினிக்கில் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உதவியது. சீட்டைக் கொடுத்த உடனே மருந்தை நீட்டினால் நோயாளிக்கு நம்பிக்கை வராது. பத்து நிமிடம் உள்ளே போய் எதையாவது உருட்டிவிட்டு வந்தால், அதே மாத்திரைக்கு மரியாதை கூடும். பீட்டும் அப்படித்தான். வீட்டில் முழுதாகச் செய்து முடிப்பேன். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பென்டிரைவில் 'வருமான வரி' என்ற பெயரில் ஒளித்து வைப்பேன். அந்தப் பெயரைப் பார்த்தால் மனிதன் எவனும் திறக்க மாட்டான். அதற்கப்புறம்தான் கடினமான வேலை: அதை அங்கேயே கண்டுபிடிப்பது போல நடிக்கப் பழக வேண்டும்.

முதலில் மூன்று தப்பான சத்தம். பிறகு தலையைச் சொறிவது. பிறகு திரும்பி, "இது எப்படி இருக்கு?" என்று வாடிக்கையாளரைப் பார்த்துக் கேட்பது. அவர் ஏதாவது சொல்வார். என்ன சொல்வார் என்பதையும் முன்கூட்டியே ஊகித்து, அதற்கு இடம் விட்டு வைத்திருப்பேன். முக்கால்வாசிப் பேர் "கொஞ்சம் மாஸா இருக்கணும் லா" என்பார்கள். அதற்கென்று ஒரு பறைச் சத்தம் தயாராக இருக்கும்.

ஒத்திகையில் வாடிக்கையாளர் என் மனைவி. துணியை மடித்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கு நான் யாரு?"

"கல்யாண மாப்பிள்ளை. மண்டபத்துக்குள்ள நடந்து வர்றதுக்கு பீட் கேக்குறான்."

"குடிச்சிருக்கானா?"

"அதெல்லாம் எதுக்கு?"

"தெரிஞ்சாத்தானே பேச முடியும்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையாகவே மாறி, எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று ஒரு மூச்சு அழுவாள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிற திடீர்த்தனம் அவளுக்குத் தானாக வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. பிறகுதான் கோயில்காரர்கள் வந்தார்கள்.

பீடோர் பக்கத்தில் முன்பு ஒரு ரப்பர் பால்மரத் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். ஆட்கள் எல்லாம் நகரத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். மாரியம்மன் மட்டும் இடம் மாறவில்லை. வருடா வருடம் திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பி வருவார்கள். அந்தத் திருவிழாவுக்குப் பாட்டு வேண்டும் என்று ஆலயத் தலைவரும், செயலாளராக இருக்கும் ஓர் அக்காவும் வந்தார்கள். தலைவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவர். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திய குரல்.

அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "போன வருஷம் ஒருத்தர்கிட்ட பாட்டு வாங்குனோம் தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு. திருவிழா முடிஞ்சு மறுவாரம் ஒரு மெத்தைக் கடைக்குப் போறேன், அதே தாளம் அங்க ஓடுது! அம்மன் பேருக்குப் பதிலா 'அம்பது விழுக்காடு கழிவு'ன்னு பாடுறான்!"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு முடிவாகச் சொன்னார். "அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம். நேத்து வச்சதைச் சூடு பண்ணியா படைக்கிறோம்? இல்ல. அடுத்தவன் வாயில பட்டதைப் படைப்போமா? மாட்டோம். தாளமும் அப்படித்தான். எங்க கண்ணு முன்னாடி புதுசா செய்யணும். அதுக்கு முன்னாடி அதை யாரும் கேட்டிருக்கக் கூடாது. நீங்களே கேட்டிருக்கக் கூடாது."

என் கூட்டாளி பெருமையோடு வாசல் பலகையைக் காட்டினான்.

நாங்கள் அந்தோணியார் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஊரார் அம்மனை ஏமாற்ற எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. நாற்காலியா, அம்மனா என்று மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் வழக்கம்போல வீட்டில் உட்கார்ந்து பீட்டைச் செய்து முடித்தேன். மனைவிக்கு அந்த வாரம் அக்கா வேடம். மிக நன்றாகச் செய்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கோயில் செயலவையினர் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு வாரம் சைவம் சாப்பிட்டு, குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார்கள். செருப்பைக் கீழ்த்தளத்திலேயே கழற்றி வைத்துவிட்டார்கள். கீழே இருந்த தையல் கடைக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மேலே வந்து விசாரித்தார். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் அம்மன் படத்தை வைத்து, தலைவர் சூடம் ஏற்றப் போனார். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறை அது. என் கூட்டாளி ஓடிவந்து இரண்டு கையாலும் மறித்தான்.

"தலைவரே, நெருப்பு வேணாம், புண்ணியமாப் போகும்! ஸ்டூடியோவே எரிஞ்சுரும்!"

சூடத்துக்குப் பதிலாகக் கைபேசியின் விளக்கை அம்மனுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையில் கை விட்டேன். பை காலியாக இருந்தது. மற்றப் பையும் காலி. அது வேறு சட்டை என்பது அப்போதுதான் உறைத்தது. கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மனைவிக்கு அழைத்தேன்.

"நீலச் சட்டையா?" என்றாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அது மெஷின்ல சுத்திக்கிட்டு இருக்குங்க."

"பென்டிரைவ்?"

"அதுவும்தான் சுத்தும்."

எடுத்து அரிசியில் போட்டால் ஈரம் போய்விடும் என்று எங்கேயோ பார்த்ததாகச் சொன்னாள். அரிசியோடு காரில் கொண்டு வருகிறேன், ஒரு மணி நேரம் சமாளியுங்கள் என்றாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதினான்கு கண்கள் என் பிடரியில். கை விறைத்துப் போய்விட்டது. 'டும்' என்று ஒன்று போட்டேன். அழித்தேன்.

"தம்பி யோசிக்கிறாரு" என்றார் அக்கா மரியாதையாக.

காப்பாற்றியது மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும்தான். தோட்டம் இருந்த காலத்தில் அங்கே இரண்டு பிரிவுகளாம். முதல் கரகம் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் சும்மா ஒரு சொல் விட்டார். தலைவர் கீழ் டிவிஷன், அக்கா மேல் டிவிஷன். தோட்டமே இல்லாமல் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சண்டை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. ஏழு பேரும் வட்டமாக நின்றுகொண்டு எனக்கு முதுகைக் காட்டிக் கத்தினார்கள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கண் கூட இல்லை.

கை தானாக நகர்ந்தது. அவர்கள் கத்தலுக்கே ஒரு ஓட்டம் இருந்தது. அக்கா மூச்சு விடுகிற இடம், தலைவர் "ஏய்" என்று குறுக்கே விழுகிற இடம். அந்த ஏற்ற இறக்கத்தின் மேலேயே உடுக்கையை வைத்தேன். அதன் அடியில் கனமாக ஒன்று. பிறகு நாதஸ்வரத்தின் ஒரே ஒரு இழுப்பு. ஒன்றையும் அழிக்கவில்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக நான்கு சுவருக்குள் மற்ற மனிதர்கள் இருக்கும்போது ஒரு பீட் செய்திருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுப் பீட்டைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது.

"முடிஞ்சிருச்சு" என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். சண்டை நின்றது. முழுதாகக் கேட்டார்கள். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, இது வீட்டுல செஞ்சு கொண்டாந்ததுதானே?"

"இல்ல தலைவரே! இப்பதான்! இங்கதான் செஞ்சேன்!"

"நாங்க திரும்புறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அது எப்படி முடியும்? நீங்க ஒரு தப்புப் பண்ணல. தலையச் சொறியல. எங்களை ஒரு வார்த்தை கேக்கல."

"மாதா மேல சத்தியமா, தலைவரே."

"சாமியெல்லாம் இழுக்காதீங்க தம்பி" என்றார் அக்கா, அடுத்த மதத்துச் சாமியை வம்பில் மாட்டிவிட்ட பாவத்துக்கு அஞ்சியது போல. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆறிப்போனது அம்மனுக்கு ஆகாது."

ஒன்றரை வருடம் பொய் சொன்னேன், ஊரே நம்பியது. ஒரு நாள் உண்மையைச் செய்தேன், கையும் களவுமாகப் பிடிபட்டேன். என் கூட்டாளி மூலையில் நின்றபடி என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான். "மச்சான், வேற ஒன்னு போடு லா. இந்தத் தடவை நேர்மையா" என்றான். அவனை அங்கேயே அறைந்திருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். கையில் மூடி போட்ட டப்பா. உள்ளே அரிசி. அரிசிக்குள் பென்டிரைவ்.

"பாத்தீங்களா!" என்றார் அக்கா. "வேத வீட்டுப் பொண்ணு, அம்மனுக்குப் பச்சரிசி கொண்டாந்திருக்கு!"

அது புழுங்கல் அரிசி. அதைச் சொல்ல என் மனைவிக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அக்கா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டார். இப்போது என் பென்டிரைவ் படையலாகிவிட்டது.

வேறு வழியில்லை. நான் எழுந்து போய் அம்மன் முன்னால் நின்று, கையைக் கூப்பி, டப்பாவுக்குள் கையை முழங்கை வரை விட்டேன். ஒரு பிடி அரிசியோடு பென்டிரைவையும் அள்ளி நெஞ்சோடு வைத்துச் சட்டைப் பைக்குள் கொட்டிக்கொண்டேன். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"இதுதான் தம்பி பக்தி" என்று தலைவர் தழுதழுத்தார். "இப்ப உட்காருங்க. இப்ப வரும்."

ஒயர் கழன்றுவிட்டது என்று மேசைக்கு அடியில் புகுந்து பென்டிரைவைச் சொருகினேன். துவைத்ததில் ஒன்றும் ஆகவில்லை. சவர்க்கார வாசனை மட்டும் வந்தது. பிறகு ஒத்திகை பார்த்தபடியே தொடங்கினேன். தப்பான சத்தம் மூன்று. அவர்கள் முகம் மலர்ந்தது. தலையைச் சொறிந்தேன். "ஆங், யோசிக்கிறாரு, யோசிக்கிறாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் மனைவியோ பழக்க தோஷத்தில் அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்து, "கொஞ்சம் வேகம் பத்தலயே" என்று அக்காவின் குரலிலேயே அக்கா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்து, "அதையேதான் நானும் நெனச்சேன்" என்றார். வேகத்தைக் கூட்டினேன். அது ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த வேகம்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் அக்கா எழுந்து நின்றார்.

"தம்பி, நிறுத்துங்க. இங்க பெரட்டு மணி வரணும்."

அதற்கு நான் இடம் விட்டு வைத்திருக்கவில்லை. என் மனைவி ஒரு வாரம் அக்காவாக இருந்தும் அதைக் கேட்கவில்லை. தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அதற்கு வேலையை மேற்பார்வை பார்க்கிற மண்டோர் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்பாராம்.

"கோயில் மணி போடலாமே அக்கா, நல்ல சத்தமா என்கிட்ட இருக்கு" என்றேன்.

"கோயில் மணிக்கு எவன் எந்திரிச்சான்? பெரட்டு மணிக்குக் காய்ச்சக்காரனும் எந்திரிப்பான். கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கும். அது வேணும்."

என்னிடம் இல்லை என்றேன். அக்கா யோசிக்கவில்லை. ஒத்திகை பார்க்கவில்லை. வெறுங்காலோடு படியிறங்கித் தன் காரிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்து வந்தார். மைக் நிற்கிற இரும்புக் காலின் கனமான அடிப்பகுதியைக் கவிழ்த்துக் கயிற்றில் தொங்கவிடச் சொன்னார். என் கூட்டாளி முனகிக்கொண்டே பிடித்துக்கொண்டான். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்பது பேர் பார்க்க, அடித்தார். மூன்று அடி. ஒரு இடைவெளி. பிறகு இரண்டு. கை நடுங்கவே இல்லை. ஒரே முறையில் பதிவாகிவிட்டது.

"போதுமா?" என்று கேட்டுவிட்டு இரும்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பீட் அம்மனுக்கு ஏற்றதாக ஏகமனதாக முடிவானது. என் நாற்காலியும் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகச் செய்தது குப்பையில் கிடக்க, பொய்யாகச் செய்ததற்கு மாலை மரியாதையா? திருவிழாவன்று போய்த் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நாற்காலி போனாலும் போகட்டும். அந்த முதல் பீட் அங்கேயே செய்தது என்று ஒரு மனிதராவது நம்ப வேண்டும். அதைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டேன்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நானும் மனுசன்தானே" என்றேன்.

செம்பனைக்கு நடுவில் செம்மண் சாலை முடிகிற இடத்தில் கோயில். மதியம் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருநூறு முந்நூறு பேர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நேராகத் தலைவரிடம் போனேன். கைபேசியை வெளியே எடுத்தேன். "தலைவரே, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்" என்று வாயைத் திறக்கும்போது ஒலிபெருக்கியில் எங்கள் பாட்டு தொடங்கிவிட்டது.

கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பாட்டு ஓடியது. சனங்கள் காலால் தாளம் போட்டபடி சாப்பிட்டார்கள். பிறகு அந்த இடம் வந்தது. மூன்று அடி. இடைவெளி. இரண்டு.

அறுபது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

தட்டு கையில், சோறு வாயில். சிலர் காலால் செருப்பைத் தேடினார்கள். ஒரு பெரியவர் பால் எடுக்கப் போகிறவர் போலப் பக்கத்தில் இருந்த சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு செம்பனைக்குள் நாலடி நடந்தே போய்விட்டார். பரிமாறுகிறவர்கள் பின்னால் ஓடினார்கள். தலைவரும் என் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். யாரோ மண்டோரை அம்மா பேர் சொல்லித் திட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து எல்லாருக்கும் நடுவில் இழுத்து நிறுத்தினார்.

"நான் சொன்னேன்ல, எந்திரிப்பாங்கன்னு! என் அடி அது! ஸ்டூடியோல, அப்பவே, அங்கயே அடிச்சேன். இவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. சொல்லுங்க தம்பி!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கைபேசி என் கையில்தான் இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "அக்கா அங்கேயே அடிச்சதுதான்."

அந்தப் பாட்டில் அங்கேயே செய்தது அது ஒன்றுதான் என்பதைச் சொல்லவில்லை. கைபேசியை உள்ளே வைத்துவிட்டேன். தலைவர் அது என்ன உண்மை என்று கேட்டார். சாம்பாரில் உப்புக் குறைவு என்றேன். அக்காவைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இன்னும் இருக்கிறது.